எலியானே எலியாஸின் ‘மேட் இன் பிரேசில்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த எலியானே எலியாஸ்?

பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் 1960 மார்ச் 19 அன்று பிறந்த ஜாஸ் பியானோ கலைஞர். பாடகி, பாடல்களும் எழுதுவார். அம்மாவும் பியானோ வாசிப்பவர். வீட்டில் ஜாஸ் இசைத்தட்டுகளுக்குப் பஞ்சமில்லை. எலியானே 7 வயதில் பியானோ முன் உட்கார்ந்தார். 12 வயதில் பெரிய ஜாஸ் வித்வான்களின் தனி வாசிப்புகளைக் காதால் கேட்டே ஸ்வரம் ஸ்வரமாக எழுதி எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். 17 வயதில் கிட்டார் கலைஞர் டொகின்யோவும் கவிஞர் வினீசியுஸ் டெ மொராயெஸும் நடத்திய கச்சேரிக் குழுவில் பியானோ அவருடையது. சாம்பாவிலிருந்து பிறந்த மெல்லிய பிரேசில் இசையான போஸா நோவாவின் முதல் பாட்டுகள் பலவற்றுக்கு வரி எழுதிய வினீசியுஸ்தான் இவர். அவர் 1980இல் இறந்தார். அடுத்த வருடம் எலியானே நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். அங்கே சாக்ஸபோன் கலைஞர் மைக்கேல் பிரெக்கர், பேஸ் கலைஞர் எட்டி கோமெஸ் போன்றவர்கள் இருந்த ‘ஸ்டெப்ஸ் அஹெட்’ குழுவில் இடம் கிடைத்தது.

இதுவரை சொன்னதில் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை, கவனித்தீர்களா? நியூயார்க் அவரைப் பியானோக்காரராகத்தான் சேர்த்துக்கொண்டது. போஸா நோவாவின் பெரிய இசையமைப்பாளரான ஜோபிமின் பாடல்களை ஒரு முழு ஆல்பமாக அவர் பாடி வெளியிட்டது 1998இல். ‘மேட் இன் பிரேசில்’ ஆல்பத்தைக் கேட்கும்போதும் இந்த வரிசையை மறக்காமல் இருப்பது நல்லது.

எத்தனையோ ஆல்பங்கள் இருக்க, இது ஏன்?

2015இல் வெளிவந்தது. அமெரிக்கா போன 1981க்குப் பிறகு சொந்த நாட்டில் உட்கார்ந்து அவர் ஒலிப்பதிவு செய்த முதல் ஆல்பம். இடைப்பட்ட வருடங்களில் பிரேசில் இசையை அவர் விட்டுவிடவில்லை. ஜோபிமை வாசித்தார், பாடினார், போஸா நோவாவின் 50ஆம் ஆண்டை ஒட்டியும் ஆல்பம் போட்டார். ஆனால் தாளக்காரர்கள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்களாக இருந்தால் வரும் சாய்மானம் வேறு. இதில் கிட்டார் மார்குஸ் டெய்ஷேரா. டிரம்ஸ் எடு ரிபெய்ரோவும் ரஃபாயெல் பராட்டாவும். அடி ஸ்வரங்களைத் தாங்கும் தந்தி வாத்தியமான பேஸ் வாசிப்பவர்களில் ஒருவர் எலியானேயின் கணவர் மார்க் ஜான்சன். ஜாஸ் பியானோ மேதை பில் எவன்ஸின் கடைசி மூவர் குழுவில் பேஸ் வாசித்தவர். (எட்டி கோமெஸும் பில் எவன்ஸிடம் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர்தான். இந்த அம்மாவைச் சுற்றி எவன்ஸின் பேஸ்காரர்கள் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.)

மொத்தம் 12 பாட்டு. பழைய பிரேசில் பாட்டுகளும் எலியானே எழுதியவையும் கலந்திருக்கும். 2016 பிப்ரவரியில் ‘சிறந்த லத்தீன் ஜாஸ் ஆல்பம்’ என்ற கிராமி விருது கிடைத்தது.

குரல் அவ்வளவு பெரிதாக இல்லையே. மேல் ஸ்தாயியில் பிரமாதமாக ஒன்றும் செய்யவில்லையே?

செய்யவில்லை. செய்ய மாட்டார். அடித்தொண்டைக்கு அருகில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவில்தான் பாடுவார். இழுப்பு, நடுக்கம், கமகம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். 1958இல் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜோவாவ் ஜில்பெர்த்தோ மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்து மெல்லப் பாடத் தொடங்கிய பிறகு பிரேசிலில் இந்தப் பாணி நிலைத்துவிட்டது. அதற்கு முன் அங்கேயும் கணீரென்று பாடியவர்களுக்குத்தான் மவுசு.

இந்த ஆல்பத்தை ரசிக்க நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: குரலைக் கேட்காதீர்கள், குரலுக்கும் கைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ஒரு வரியை எடுக்கிறார். குரல் தாளத்துக்கு ஒரு இம்மி தள்ளி விழுகிறது, அவசரமே இல்லை. அதே நொடியில் அவருடைய விரல்கள் தாளத்துக்கு முன்னாலேயே ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கொத்து) தொட்டுவிட்டு எழுந்துவிடுகின்றன. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு அதீதமும் அனாகதமும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் நடப்பதாகச் சொன்னால் புரியும். வேறொருவர் பியானோ வாசித்தால் பாடகி எங்கே போகிறார் என்று பார்த்துப் பார்த்துப் பின்னால் வர வேண்டியிருக்கும். இங்கே பாடுபவருக்குத் தன் கை எங்கே இருக்கும் என்று தெரியும். அதனால் குரல் எவ்வளவு சோம்பலாக வேண்டுமானாலும் நடக்கலாம், பாட்டு விழாது.

அவர் பாடி முடித்து மூச்சு விடுகிற இடைவெளிகளையும் கவனியுங்கள். அங்கே பியானோ இரண்டு மூன்று ஸ்வரம் போடும். பெரும்பாலும் அது அலங்காரம் அல்ல. குரல் பாதியில் விட்ட வாக்கியத்தைக் கை முடித்துவைக்கிறது.

போஸா நோவாவும் சாம்பாவும் ஒன்றா?

அம்மாவும் பிள்ளையும். சாம்பா இரண்டு எண்ணிக்கைத் தாளம். ‘சுர்டோ’ என்ற பெரிய முரசு இரண்டாவது அடியில் அழுத்தி விழும். ‘தம்போரிம்’ என்ற சின்னக் கைப்பறை மேலே குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டே போகும். ஜில்பெர்த்தோ செய்தது, அந்த வாத்தியக் கூட்டத்தை ஒரு கிட்டாருக்குள் கொண்டுவந்தது. கட்டைவிரல் முரசு, மற்ற விரல்கள் கைப்பறை. சத்தம் குறைந்தது, தாளம் குறையவில்லை. ஜோபிம் அதற்கு மேல் ஜாஸும் பிரெஞ்சு இசையும் கலந்த கார்டுகளை அடுக்கினார்.

வீட்டில் கேஸியோ கீபோர்டு இருந்தால் அதில் ‘போஸா நோவா’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் வருவது எலும்புக்கூடு. அது ஒரே மாதிரி சுற்றிச் சுற்றி வரும். எடு ரிபெய்ரோ வாசிக்கும்போது எந்த இரண்டு சுற்றும் ஒன்றாக இருக்காது.

முதலில் எந்தப் பாட்டைக் கேட்பது?

கடைசிப் பாட்டை. ‘நோ தபுலெய்ரோ டா பையானா’.

ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் இதற்கு வந்து சேருவதற்குள் பாதிப் பேர் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள், அது நஷ்டம். ஆரி பரோசோ 1936இல் எழுதிய பாட்டு இது. பையா மாநிலத்துப் பெண் தெருவில் தட்டு வைத்து விற்கிறாள். தட்டில் என்னென்ன இருக்கிறது என்பதே பாட்டின் தொடக்கம்: வடபா, அதாவது ரொட்டி, உலர்ந்த இறால், தேங்காய்ப்பால், செம்பனை எண்ணெய் சேர்த்துக் கிண்டிய கெட்டிக் குழம்பு; கருரு என்ற வெண்டைக்காய்ப் பண்டம், அதிலும் இறால்; முங்குன்சா என்ற வெள்ளைச் சோளப் பாயசம்; புளிப்பான உம்பு பழம். வாங்க வந்தவன் கடைசியில் தட்டில் இல்லாத ஒன்றைக் கேட்கிறான்: அவளுடைய மனசு. பாட்டு ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பேசும் சம்பாஷணையாகவே எழுதப்பட்டது. பாடகி கார்மென் மிராண்டா அந்தக் காலத்திலேயே பாடிப் பிரபலமாக்கினார்.

எலியானே இதில் சிரித்துக்கொண்டே பாடுகிறார், அது காதுக்குத் தெரியும். பண்டங்களின் பெயர்களையே தாள வாத்தியமாகப் போடுகிறார்: வ-ட-பா, க-ரு-ரு, ஒவ்வொரு அசையும் டிரம்ஸின் ஏதாவது ஓர் அடியோடு ஒட்டும் அல்லது வேண்டுமென்றே விலகும். பியானோவும் அதே சொல்கட்டைத்தான் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. பாடுவது யார், வாசிப்பது யார் என்ற கேள்வியே எழாத இடம் இது. ஆல்பம் முழுவதற்கும் சாவி இங்கே இருக்கிறது என்பது என் கட்சி.

மொழி புரியாதே. அது தடையில்லையா?

பாதிப் பாட்டுகளில் ஆங்கிலமும் வரும், அது போகட்டும். போர்த்துகீசு புரியாதது பெரிய தடை இல்லை, ஆனால் தடையே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. ஒரு பாட்டின் சாரத்தை இரண்டு வரியில் தெரிந்துகொண்டு கேட்டால் போதும். யாரோ போட்ட வரிக்கு வரி மொழிபெயர்ப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே கேட்டால், கண் முன்னால் ஓடும், காது பின்தங்கிவிடும்.

‘ஆகுவாஸ் டெ மார்சோ’ பாட்டைப் பலர் கொண்டாடுகிறார்கள். அதில் மெட்டே இல்லை போலிருக்கிறதே?

சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று ஸ்வரத்துக்குள்ளேயே மெட்டு ஊசலாடுகிறது. ஜோபிம் 1972இல் எழுதினார். மார்ச் மாத மழை, ரியோவில் கோடை முடிகிற நேரம். வினைச்சொல் கிட்டத்தட்ட ‘இருக்கிறது’ ஒன்றுதான். குச்சி, கல், பாதையின் முடிவு, கண்ணாடிச் சில்லு, தவளை, மீன், சேறு என்று மழைநீர் அடித்துவரும் பொருள்களாகப் பட்டியல் நீள்கிறது. நடுநடுவே சாவும் வந்து போகிறது, வாழ்வும் வந்து போகிறது.

மெட்டு அசையாமல் நிற்க, கீழே பேஸ் படி படியாக இறங்கும். அதே ஸ்வரத்தைத் திரும்பப் பாடுகிறார்கள், அடியில் கார்டு மாறியதால் அது இன்னொரு ஸ்வரமாகக் கேட்கிறது. ஆதார சுருதி மாறாமல் மேலே ராகம் நகர்வதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது தலைகீழ் அனுபவம்: மேலே அசையாது, தரை நகரும்.

இந்தப் பாட்டுக்கு ஒரு பெரிய நிழல் உண்டு. பிரேசில் பாடகி எலிஸ் ரெஜினாவும் ஜோபிமும் 1974இல் சேர்ந்து பாடிய பதிவு. கடைசியில் இருவரும் சிரித்து, சீழ்க்கையடித்து முடிப்பார்கள். அதன் பிறகு யார் பாடினாலும் ஒப்பீடு வரும். எலியானே அந்தப் பக்கமே போகாமல், ‘டேக் 6’ என்ற அமெரிக்கக் குழுவை அழைத்துக்கொண்டார். வாத்தியமே இல்லாமல் குரலாலேயே ஜாஸ் கார்டுகளைக் கட்டும் ஆறு பேர். தேவாலய இசையில் வளர்ந்தவர்கள். ஜோபிமின் இறங்குகிற கார்டுகளை மனிதக் குரல்கள் தாங்குவதைக் கேட்பது சுகம்தான். ஆனாலும் எனக்கு இந்தப் பதிப்பு கொஞ்சம் துடைத்து மெருகேற்றியதாகவே படுகிறது. வெள்ளத்தில் சேறு இருக்க வேண்டாமா?

முதல் பாட்டு சினிமாப் பாட்டு மாதிரி இருக்கிறதே, எங்கேயோ கேட்டிருக்கிறேனே?

கேட்டிருப்பீர்கள். ‘அக்வரேலா டோ பிரேசில்’, ஆரி பரோசோ 1939இல் எழுதியது. பிரேசிலுக்கு வெளியே வெறுமனே ‘பிரேசில்’ என்றே தெரியும். டிஸ்னி தன் ‘சலுடோஸ் அமிகோஸ்’ படத்தில் 1942இல் போட்டு உலகம் முழுக்கப் பரப்பியது. நாட்டைப் புகழ்ந்து பாடும் சாம்பா வகை. அப்போதைய பிரேசில் அதிபர் வர்காஸின் எதேச்சாதிகார ஆட்சிக் காலத்தில் அப்படிப்பட்ட பாட்டுகளுக்கு நல்ல வரவேற்பு. அதனால் பிரேசிலிலேயே இதைச் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் உண்டு.

முதல் பதிவுக்கு வாத்திய அமைப்புச் செய்த ரடமேஸ் ஞ்யட்டாலி ஒரு சின்ன வேலை செய்தார். பஞ்சமத்திலிருந்து அரை அரை ஸ்வரமாக மேலே ஏறி, அப்படியே திரும்பி இறங்கும் ஒரு துணுக்கைச் சாக்ஸபோன்களுக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தத் துணுக்கு இல்லாமல் இந்தப் பாட்டு இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. எலியானே நாட்டை விட்டுப் போன அதே 1981இல் ஜோவாவ் ஜில்பெர்த்தோ, பாடகர்கள் கயட்டானோ வெலோசோவையும் ஜில்பெர்த்தோ ஜில்லையும் சேர்த்துக்கொண்டு ‘பிரசில்’ என்று ஓர் ஆல்பம் போட்டார். அதன் தொடக்கம் இதே பாட்டு. ‘நோ தபுலெய்ரோ டா பையானா’வும் அதில் இருக்கிறது. இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஜோவாவும் நண்பர்களும் கொடியைச் சுருட்டிவைத்துவிட்டு முணுமுணுக்கிறார்கள். எலியானே வயலின்களோடு வாசல் கதவை விரியத் திறக்கிறார்.

அந்த வயலின் கூட்டம் தேவைதானா?

லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் கலைஞர்கள், ராப் மேத்தெஸ் அமைத்தது, அபே ரோடு ஸ்டுடியோவில் பதிவானது. தரத்தில் குறை சொல்ல முடியாது. முதல் பாட்டில் பொருந்துகிறது. மெதுவான பாட்டுகளில் பியானோ விட்டுவைத்த மௌனங்களை வயலின்கள் ஓடிவந்து நிரப்பிவிடுவது எனக்கு எரிச்சல். இனிப்பு பிடித்தவர்களுக்கு இது குறையாகவே தெரியாது.

‘வோசே’ பாட்டில் கூடப் பாடும் ஆண் யார்?

ரொபெர்டோ மெனெஸ்கால். 1937இல் பிறந்தவர். 1950களின் கடைசியில் ரியோவின் கோபகபானா கடற்கரையில் பாடகி நாரா லெயாவ் வீட்டில் கூடிப் பாடிய பையன்களில் ஒருவர். போஸா நோவா அந்த மாதிரி வீட்டு வரவேற்பறைகளில்தான் வளர்ந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் திட்டாமல் இருக்கவே மெல்லப் பாடினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ‘வோசே’யும் ‘ரியோ’வும் மெனெஸ்கால் மெட்டமைத்து ரொனால்டோ போஸ்கோலி வரி எழுதியவை. 75 வயதைத் தாண்டிய மனிதர், தான் வாலிபத்தில் எழுதிய பாட்டை நடித்துக் காட்டாமல், பேசுகிற மாதிரி பாடிவிட்டுப் போகிறார். எலியானேயும் தன் வாசிப்பை அதற்கேற்பச் சுருக்கிக்கொள்கிறார். ஆல்பத்தில் கடைசிப் பாட்டுக்கு அடுத்து எனக்குப் பிடித்தது இதுதான்.

அவரே எழுதிய பாட்டுகள்?

கலவை. ‘இன்சென்டியாண்டோ’வில் தாளம் சூடாக இருக்கிறது, கேட்கலாம். ‘விடா’வில் எட் மோட்டா வருகிறார். பிரேசிலின் சோல் இசைப் பாடகர் டிம் மாயாவின் சகோதரி மகன். கனத்த, குழைவான குரல். ‘சம் என்சான்டட் பிளேஸ்’ பாட்டில் சேர்ந்து பாடுவது மகள் அமண்டா பிரெக்கர். அமண்டாவின் அப்பா டிரம்பெட் கலைஞர் ராண்டி பிரெக்கர், முதலில் சொன்ன மைக்கேலின் அண்ணன். அம்மா குரலும் மகள் குரலும் எங்கே பிரிகின்றன என்று கண்டுபிடிக்க நேரமாகும். ஆங்கிலத்தில் எழுதிய ‘டிரைவிங் ஆம்பிஷன்’ மாதிரியானவை வானொலியில் பின்னணியாக ஓடினால் பழுதில்லை; மெனெஸ்காலுக்கும் ஜோபிமுக்கும் பக்கத்தில் வைக்கும்போது மெலிந்து தெரிகின்றன.

இதை ஜாஸ் என்று சொல்லலாமா? மனோதர்மமே குறைவாக இருக்கிறதே?

நீளமான தனி ஆவர்த்தனங்களை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். பியானோ தனியாகப் பேசும் இடங்கள் குறுகியவை. ஆனால் பாடும்போது பின்னால் வாசிக்கும் கார்டுகளை அவர் ஒரே மாதிரி இரண்டாவது முறை போடுவதில்லை. ஜாஸ் அங்கே ஒளிந்திருக்கிறது.

‘லத்தீன் ஜாஸ்’ என்ற விருதுப் பெயரைப் பார்த்துக் கியூபா இசையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கியூபத் தாளங்களுக்கு ‘கிளாவே’ என்ற ஐந்தடிக் கட்டு முதுகெலும்பு. எல்லா வாத்தியமும் அதற்குக் கட்டுப்படும். பிரேசிலில் அப்படியொரு கட்டாயம் கிடையாது. விருதுக்காரர்கள் வசதிக்காக ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள்.

எப்படிக் கேட்பது நல்லது?

போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். பேஸ் முழுக்கக் காணாமல் போகும், பேஸ் போனால் ‘ஆகுவாஸ் டெ மார்சோ’வில் பாதி போச்சு. சாதாரண ஹெட்போன் போதும். யூடியூபில் அவர் மேடையில் வாசிக்கும் வீடியோக்களும் கிடைக்கும். பாடும்போது கை என்ன செய்கிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

பிள்ளை கீபோர்டு கற்கிறது. இதிலிருந்து ஏதாவது எடுக்கலாமா?

எலியானே 12 வயதில் செய்ததையே செய்யச் சொல்லுங்கள்: கேட்டு எழுதுவது. முழுப் பாட்டு வேண்டாம். ‘வோசே’யில் நாலு வரி. குரல் வரும் இடத்தையும் கார்டு வரும் இடத்தையும் தனித்தனியாகக் கைதட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் கீபோர்டில் கை வைத்தால் போதும். பேஸ்காரர் ஒருவர் கூட இருப்பதால் எலியானேயின் இடது கை அடி ஸ்வரத்தை விட்டுவிட்டு நடுவிலேயே உலவுகிறது. தனியாக வாசிக்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. இடது கை பேஸையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அப்படியே நகலெடுத்துவிட்டு ‘வெறுமையாக இருக்கிறதே’ என்று பிள்ளை கவலைப்பட்டால் காரணம் இதுதான்.

பிடித்திருக்கிறது. அடுத்து என்ன?

எது பிடித்தது என்பதைப் பொறுத்தது. பியானோ என்றால் 1990இல் வந்த ‘எலியானே எலியாஸ் பிளேஸ் ஜோபிம்’. எட்டி கோமெஸ், ஜாக் டிஜானெட், நானா வாஸ்கொன்செலோஸ் கூட இருக்கிறார்கள். இங்கே குறைந்த மனோதர்மம் அங்கே தாராளம். குரல் என்றால் 1998 ‘சிங்ஸ் ஜோபிம்’, அல்லது 2022இல் வந்த ‘குவையட்டூட்’. இரண்டுமே வேண்டாம், சவால்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2021இன் ‘மிரர் மிரர்’. குரல் இல்லை, டிரம்ஸ் இல்லை. சிக் கொரியாவோடும் சூச்சோ வால்டெஸோடும் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பியானோ. அதற்கும் அதே கிராமி விருது கிடைத்தது. கொரியா அதே வருடம் பிப்ரவரியில் இறந்துவிட்டதால் அந்த ஆல்பம் வெளியானபோது அவர் இல்லை. எந்த ஸ்வரம் யாருடையது என்று பிரித்துக் கேட்பது முதலில் சிரமமாகத்தான் இருக்கும். கொரியா வாசிக்கும் பாட்டுகளிலிருந்து தொடங்குங்கள். வால்டெஸின் கியூபக் கை அதைவிடக் கனமானது, அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.